வீட்டுக்கு ஒரே ரேட்

எங்கள் வாசலுக்கு எதிரே நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்து கிடந்தது. ஒரே ஒரு கல். பக்கத்து வீட்டு ஹெலே அதைப் பார்த்ததும் அங்கேயே நின்று, கைப்பேசியை எடுத்துக் கொம்மூனேவைக் கூப்பிட்டாள். கொம்மூனே என்றால் இந்த ஊர் நகராட்சி. ஹெலே டவுன் பஸ் ஓட்டுகிறவள். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. துணிக்கடையில் கிழிந்த சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் மாதிரி பேசினாள். நான் டென்மார்க்குக்கு வந்த முதல் குளிர்காலம் அது. எஸ்பியர் என்கிற இந்தத் துறைமுக ஊரில் காற்றாலைத் தூண்களுக்கு வெல்டிங் அடிப்பது என் வேலை. "அங்கே உங்களுக்கு ஆள் இருக்கிறாரா?" என்று அரைகுறை டேனிஷில் கேட்டேன். "இருக்கிறார், பெயர் லார்ஸ்" என்றாள். சொந்தமா என்றேன். "சொந்தமா? இப்போதுதான் போனில் பெயரைச் சொன்னார்" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்த வாரமே கல்லைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஆச்சரியத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று அப்போது எனக்கே புரியவில்லை.

நான் எண்ணூர்க்காரன். அப்பா போன பிறகு என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்துப் படிக்க வைத்தது ரேவதி அக்கா. கன்டெய்னர் யார்டு வாசலில் தள்ளுவண்டியில் இட்லி போட்டு லாரி டிரைவர்களுக்கு விற்கிறாள். யார்டுக்குப் போகிற சாலையை அரசாங்கம் துறைமுகத்துக்காக அகலமாகவும் அழுத்தமாகவும் போட்டுக் கொடுத்திருக்கிறது. அதிலிருந்து பிரிகிற எங்கள் தெருவுக்குச் சாலையும் இல்லை, கால்வாயும் இல்லை. லாரி கிளப்புகிற புழுதியும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் துப்புகிற சாம்பலும் மட்டும் வேளை தவறாமல் வந்து சேரும். அக்காவுக்கு அதில்தான் இளைப்பு வந்தது. வார்டு ஆபீசில் குழாய்க்கு மனு கொடுக்கப் போனால் அக்கா நின்றபடியே கை இரண்டையும் கூப்பிக்கொண்டுதான் பேசுவாள். பிச்சை கேட்கிறவளின் குரல் அது. அவள் வாழ்நாளில் ஒருவரிடமும் பிச்சை கேட்டதில்லை.

எஸ்பியரில் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தபோது என் வயிறு எரிந்தது. 'ஸ்காட்' என்று ஒரு வார்த்தை, வரிக்கு இங்கே அதுதான் பெயர், அதற்கு நேரே என் உழைப்பில் பெரிய துண்டு காணாமல் போயிருந்தது. சண்டைபோடக் கிளம்பினேன். கூட வேலை செய்கிறவர்கள், நம் கம்பெனி முதலாளியிடமிருந்து இன்னும் பெரிய துண்டு போகும் என்றார்கள். எவ்வளவு கூடச் சம்பாதிக்கிறாயோ அவ்வளவு கூட. பிறகு என் மகனின் கோணல் பல்லுக்குக் கம்பி கட்டினார்கள். பில் எங்கே என்று கேட்டதற்கு அந்த டாக்டரம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு வரி கட்டுகிறேன்.

நான் வாய் திறந்தது நம் தமிழர்களிடம்தான். ஒரு பொங்கல் விருந்தில், பெரிய சம்பளக்கார நண்பர் ஒருவர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "நம்ம ஊர் கெட்டதே இலவசத்தாலதான். டேக்ஸ் கட்றவன் ஒருத்தன், தின்றவன் ஒருத்தன்" என்றார். அவருடைய மனைவிக்குப் பிரசவம் பார்த்தது டேனிஷ் அரசாங்கம். பிள்ளைகள் படிப்பது அரசாங்கப் பள்ளி. அதெல்லாம் உரிமையாம், என் அக்கா வாங்குகிற ரேஷன் அரிசி மட்டும் இலவசமாம். கம்பெனிக்கு நிலத்தைச் சல்லிசாகக் கொடுத்து வரியைத் தள்ளுபடி செய்தால் அதற்குப் பெயர் ஊக்கம். சோப்பு, செருப்பு, ரீசார்ஜ், மாத்திரை என்று தொட்டதற்கெல்லாம் அக்காவிடம் வரி பிடுங்குகிறார்கள். கோடீசுவரன் அதே சோப்புக்குக் கட்டுவதும் அதே வரிதான். அவனுக்கு அது தூசு, இவளுக்கு ஒருவேளைச் சாப்பாடு. இதையெல்லாம் அந்த விருந்தில் கத்திச் சொன்னேன். அதன்பிறகு அவர்கள் என்னை விருந்துக்குக் கூப்பிடுவதில்லை.

ஆனால் கத்துவது சுலபம் என்று போன முறை ஊருக்குப் போனபோது புரிந்தது. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. அரசாங்கம் செய்யாததைத் தெருவே வசூல் போட்டுச் செய்துகொள்ளும். கழிவுநீர் தேங்கினால் வசூல், தெருவிளக்கு எரியாவிட்டால் வசூல். கணக்கு எப்போதும் ஒன்றுதான், வீட்டுக்கு ஒரே ரேட். அந்த முறை நெபுலைசருக்கு வசூல். இளைப்பு வந்தால் மூக்கிலும் வாயிலும் வைத்து மருந்தை ஆவியாக இழுக்கிற சின்ன மிஷின். அரசு ஆஸ்பத்திரியில் இருந்தது பழுதாகிக் கிடந்தது, கேட்டவர்களை அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். தெருவில் பாதி வீடுகளில் இளைப்பு இருக்கிறது. மாரியண்ணன் தலைமையில் கோயில் முன்னால் கூடினோம். மாரியண்ணன் டிரெய்லர் லாரிகள் வைத்திருக்கிறவர், தெருவில் மாடி வீடு அவருடையது மட்டும்தான். நான் எழுந்து, வசதியுள்ள வீடு கூடக் கொடுக்கட்டும், இல்லாத வீடு குறைத்துக் கொடுக்கட்டும் என்றேன். மாரியண்ணன் சிரித்தார். அவர் எதிர்ப்பார் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். எதிர்த்தது அக்கா.

"இன்னாடா பேசற? எங்க வூடு இன்னா கொறஞ்சி பூட்ச்சா? எல்லாரும் குடுக்கறத்த நானும் குடுப்பேன்."

"இல்லக்கா, உன் சம்பாத்தியம் வேற, அவர் சம்பாத்தியம் வேற…"

"கம்முனு குந்து. இன்னிக்கி கம்மியா குடுத்தா நாளைக்கி கூட்டத்துல எவன் என்னிய பேச வுடுவான்? மிஷினுக்கு நிக்கும்போது கடைசில நில்லுன்னுவான்."

"நீ ஏற்கெனவே அரசாங்கத்துக்கு டேக்ஸ் கட்டிக்கினுதான்க்கா கீற. அந்தக் காசுல ஆஸ்பத்திரி மிஷின அவங்கதான் ரிப்பேர் பண்ணணும்."

தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். "நானா? நம்ம எங்கடா டேக்ஸ் கட்றோம்? அதெல்லாம் ஆபீசருங்க கட்றது. அவங்க புண்ணியத்துலதான் நமக்கு அரிசி வருது. நீ வெளிநாட்டுக்குப் போயி இன்னா கத்துக்கினு வந்த?"

பொங்கல் விருந்தில் அந்த நண்பர் சொன்னதையே இப்போது அக்கா வாயால் கேட்டேன். அவர் அதைத் திமிரில் சொன்னார். இவள் நன்றியோடு சொன்னாள். எனக்கு இதுதான் தாங்கவில்லை. பிடுங்குகிறவன் பிடுங்குவதே தெரியாமல் பிடுங்கிவிட்டு, கும்பிடும் வாங்கிக்கொண்டு போகிறான். மாரியண்ணன் மட்டும், "தங்கச்சி சொல்றதுதான் நாயம் தம்பி, எல்லாரும் சமம்" என்று என் தோளைத் தட்டினார். நல்ல மனிதர்தான். சமம் என்றால் தனக்கு எவ்வளவு மிச்சம் என்பதும் தெரிந்த மனிதர்.

தெரு வசூலுக்கு என் பணம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அக்கா கடன் வாங்கி அந்த ரேட்டைக் கொடுத்தாள். மிஷின் வந்தது. கரண்ட் போனாலும் ஓட வேண்டுமே, இன்வெர்ட்டர் இருக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான், அதனால் மிஷின் மாரியண்ணன் வீட்டுக்குப் போனது. யாரும் சதி செய்யவில்லை. எல்லோரும் சமமாகப் போட்டு வாங்கிய பொருள் பெரிய வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். நான் எஸ்பியர் திரும்பிய பிறகு ஒரு மத்தியானம் அக்காவுக்கு இளைப்பு முற்றியது. மாரியண்ணன் வீட்டில் எல்லோரும் எம்.கே.பி. நகரில் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், வீடு பூட்டிக் கிடந்தது. அக்கா அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டே சரிந்துவிட்டாள். தெருக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ராயபுரம் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் பட்டறையில் கையில் இருந்த ஹெல்மெட்டைத் தரையில் அடித்தேன்.

பணம் அனுப்பினால் அக்கா மகளின் காலேஜ் பீஸுக்குப் போய்விடும். அக்காவை எனக்குத் தெரியும். அதனால் இங்கேயே பேட்டரியில் ஓடுகிற ஒரு மிஷினை வாங்கித் தபாலில் போட்டேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள், எந்த வீட்டுக் கேட்டிலும் போய் நிற்க வேண்டாம். அது போய்ச் சேர்ந்த அன்று அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"டேய், போஸ்ட்மேன் வந்தாருடா. வெளிநாட்டு சாமானு, டேக்ஸ் கட்னாதான் டப்பா தருவேன்னாரு. இட்லி துட்ட எடுத்து கட்டிட்டேன்."

எனக்குத் தலையில் ரத்தம் ஏறியது. அந்த ஊர்ப் புழுதியால் போன மூச்சை வாங்கிக்கொள்ள, அந்த மூச்சுக்கும் வரி.

"ஏன்க்கா கட்டின? எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"ஏண்டா கத்தற? ரசீது குடுத்துகிறாரு, பாரு. என் பேரு போட்டு கீது. நானும் டேக்ஸ் கட்டிட்டேன்டா! இனிமே ஓசி அரிசி துன்றவன்னு எவனாச்சும் சொல்லட்டும், பாத்துக்கறேன்."

பிறந்ததிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறாயே அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இருமல் வந்து, அவள் மிஷினை முகத்தில் பொருத்திக்கொண்டாள். வெள்ளையாக ஆவி வந்தது. அவள் மூச்சு மெல்லச் சீரானது. நான் வரி கட்டுகிற இந்த நாட்டின் நாடாளுமன்றத்துக்கு எனக்கு ஓட்டில்லை. அவள் தவறாமல் ஓட்டுப்போடுகிற நாட்டில், வரி கட்டியது இன்றைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு முழுக் குடிமகன் தேறுவான் போலிருக்கிறது.

அக்கா மிஷினைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "நாளைக்கி வார்டு ஆபீசுக்குப் போயி, ஆஸ்பத்திரி மிஷினு இன்னா ஆச்சுன்னு கேக்கப் போறேன். அங்க எதுருல நாற்காலி போட்டு கீதுல்ல, அதுல குந்திக்கினு கேக்கலாமாடா இனிமே?"

"குந்துக்கா. நல்லா சாஞ்சி குந்து" என்றேன்.

பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வேண்டியவன் நான். எஸ்பியரில் ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது.