காறை எலும்பு முறிந்தபோது என் மகனைத் தூக்கியவன்

என் மகன் ஜெபாவுக்கு இருபத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்து நடக்க மாட்டான், பேச்சும் தெளிவாக வராது. அவன் அம்மா கர்த்தரிடம் போன பிறகு அவனைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். பகலில் மாற்றுத்திறனாளிகள் மையத்து வேன் வந்து அவனை அழைத்துப் போகும். நான் தென்காசியில் ஜவுளிக்கடை வேலைக்குப் போவேன். யார் உதவிக்கு வந்தாலும் வேண்டாம் என்பேன். என் பிள்ளையின் உடம்பு எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு.

போன சாரல் காலத்தில், மேலகரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு வரும்போது பாசியில் வழுக்கினேன். அவன் அடிபடக்கூடாது என்று நான் அடியில் விழுந்தேன். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு இடது தோள் நெருப்பாய் எரிந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாடசாமி ஓடி வந்தான். குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து விடுகிறவன். முதலில் ஜெபாவைத் தூக்கிக் கட்டிலில் போட்டான். அப்புறம் என் தோளைப் பார்த்தான்.

“வெறும் சுளுக்குதான் அண்ணாச்சி. எண்ணெய் போட்டு நீவி விடுதேன், காலைல எறங்கிரும்.”

எங்கள் பக்கத்தில் எந்த வலிக்கும் எண்ணெயும் அருவியும்தான் மருந்து. நானும் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அவன் கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் உயிரே போய்விட்டது. விடிந்து பார்த்தால் தோள் வீங்கிக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், “யாருய்யா இத நீவுனது?” என்றார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள காறை எலும்பு முறிந்து, கொஞ்சம் விலகியும் இருந்தது. “பெல்ட் போட்டு விடுதேன். அடுத்த எக்ஸ்ரேயில இன்னும் வெலகியிருந்தா பிளேட் வச்சு ஆபரேஷன்தான். அதுவரை ஒரு குடம்கூடத் தூக்கப்படாது.”

குடமா? நான் தூக்குவது ஒரு ஆளை அல்லவா. தூக்கினால் எலும்பு விலகும். ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், எனக்குச் சர்க்கரை வேறு. அதுவரை என் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? அன்றைக்கு என்னால் முழங்கால்கூடப் போட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “ஆண்டவரே, அலுத்துப்போனேன். இந்தக் கையைத் திருப்பிக் கொடும். என் பிள்ளைக்கு வேறு யாரும் இல்லை” என்று அழுதேன். அதற்கு மேல் ஜெபிக்க எனக்குத் தெம்பு இல்லை.

சாயங்காலம் மாடசாமி வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

“நான் தொட்டுக் கெடுத்துட்டேன் அண்ணாச்சி. அருவியில வெள்ளம், போலீஸ்காரன் யாரையும் குளிக்க விடமாட்டேங்கான். சும்மாத்தான் கெடக்கேன். தம்பிய நான் தூக்குதேன்.”

வேறு வழியில்லாமல் சம்மதித்தேன். முதல் நாள் ஜெபா வீடு அதிரக் கத்தினான். மாடசாமி கோபப்படவில்லை. “ஏலே, என்னைய விட ஒனக்குத் தொண்ட பெருசாலே இருக்கு” என்று சிரித்துக்கொண்டே குளிப்பாட்டினான். காலையும் மாலையும் வந்தான். ஜெபாவின் விறைத்த கால்களுக்கு மெதுவாக எண்ணெய் தடவினான். கொஞ்ச நாளில் அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே ஜெபா சிரிக்க ஆரம்பித்தான். எனக்குச் சந்தோஷமும் வந்தது, பொறாமையும் வந்தது. உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

மழை விட்டது. அருவியில் குளிக்க அனுமதித்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. வேலை திரும்பிவிட்டால் இனி இவன் வரமாட்டானே என்று பயந்தேன். தடை நீடிக்கட்டும் என்று ஜெபிக்கலாமா? அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. அப்படி ஜெபிக்காமலே படுத்துவிட்டேன்.

மறுநாள் விடியும் முன்பே கதவு தட்டப்பட்டது.

“தம்பியக் குளிப்பாட்டிட்டு அங்கன போவுதேன். சாயங்காலம் வேல முடிஞ்சதும் வருதேன்” என்றான் மாடசாமி. அவன் சாமி வேறு, என் சாமி வேறு. ஆனால் அவனை அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார் டாக்டர். “கூடிட்டு வருதுய்யா. ஆபரேஷன் வேண்டாம். அசையாம இருந்தீங்கல்லா, அதான்.” இந்த எலும்பு பலருக்குத் தானாகவே கூடும் என்றும் சொன்னார். இருக்கட்டும். என்னை அசையாமல் உட்கார வைத்தவர் கர்த்தர். ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே அழுதுவிட்டேன்.

இன்று என் கை நன்றாக உயர்கிறது. எலும்பு கூடிய இடத்தில் ஒரு மேடு இருக்கிறது, மழை வந்தால் கடுக்கும். உடம்பில் பழைய வலு இல்லை. பெல்ட்டைக் கழற்றிய அன்று மாடசாமி, “இனி நான் வரணுமா அண்ணாச்சி?” என்று கேட்டான்.

“வாடே” என்றேன்.

நான் போன பிறகு ஜெபா என்ன ஆவான் என்ற பயம்தான் இத்தனை வருஷமும் என்னைத் தின்றது. எலும்பைவிட அது பெரிய முறிவு. அதையும் தேவன் கட்ட ஆரம்பித்திருக்கிறார்.

என்னைப்போல் ஒற்றை ஆளாய்ச் சுமந்து களைத்திருப்பவர்களே, அடிபட்டால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். அப்புறம் களைப்போடேயே ஜெபம் பண்ணுங்கள், அவர் கேட்பார். உதவிக்கு என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் உள்ளே கூப்பிடுங்கள். நான் என் ஒரு கையைத்தான் கேட்டேன். என் மகனுக்கு அவர் இன்னும் இரண்டு கை கொடுத்தார்.