ஆமென் சொல்லும் வரை

எங்கள் குவார்ட்டர்ஸில் யாரும் யாரைப் பற்றியும் நேராகக் குறை சொல்வதில்லை. எல்லாம் ஆண்டவர் வழியாகத்தான் போகும். சாயங்காலம் விளக்கு போட்ட பிறகு அம்மா ஹாலில் பாய் விரிப்பாள். ஒரு பாட்டு, பைபிளில் ஒரு அதிகாரம், அப்புறம் எல்லோரும் முழங்கால் போட வேண்டும். கண்ணை மூடிய அடுத்த நிமிஷம் அம்மாவின் குரல் இளகிவிடும்.

"ஆண்டவரே, ஈரத் துண்ட மெத்த மேலயே போட்டுட்டுப் போற இந்த மனுஷனுக்கு நல்ல புத்தியக் குடுங்கப்பா."

அப்பாவும் கண்ணை மூடியபடியே, யாரோ ஒரு மனுஷனுக்காகக் கேட்பதுபோல, "ஆமென்" என்பார். அவருக்கு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் ஜெபத்துக்கு வீட்டில் இருக்க மாட்டார். அந்த வாரத்துக் குறைகளை அம்மா சேர்த்து வைத்து, வீக்லி ஆஃப் அன்று மொத்தமாக ஆண்டவரிடம் ஒப்படைப்பாள். அன்றைக்கு அப்பாவின் முழங்கால் பாடு கஷ்டம்.

இதில் ஒரு சட்டம் உண்டு. ஜெபம் பண்ணுகிறவர் ஆமென் சொல்லும் வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. கரண்ட் போனாலும் சரி, குக்கர் கத்தினாலும் சரி. ஒரு தடவை அம்மாவின் ஜெபத்துக்கு நடுவில் பூனை அடுப்படியில் பால் குடிக்கிற சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. யாரும் அசையவில்லை. அம்மா அந்தப் பூனையையும் சேர்த்து ஆசீர்வதித்து, அவசரமாக ஆமென் போட்டுவிட்டுத்தான் ஓடினாள்.

என் ஜெபம் வேறு மாதிரி. மைன்ஸில் மண் சரியக் கூடாது, பெல்ட்டில் அப்பாவின் சட்டை மாட்டக் கூடாது, காஸ் சிலிண்டர் வெடிக்கக் கூடாது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்கக் கூடாது. பின்னால் பத்தாவது பரீட்சை ஹாலைப் பார்த்தே பயந்து படிப்பை விட்டவள் நான். ஒன்பது வயதில் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம்தான் அக்கா வந்தாள். கைக்குழந்தையை எடுத்து வளர்க்க ஆயிரம் பேர் வருகிறார்கள், வளர்ந்த பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை என்று சர்ச்சில் ஒரு நாள் பேசினார்கள். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. என்னை யாரும் பார்க்கவும் இல்லை. குழந்தைகள் நல ஆபீஸுக்கும் வீட்டுக்குமாகப் பல நடை நடந்த பிறகு, கடலூரில் ஒரு விடுதியிலிருந்து அந்த ஆபீஸ் மேடம் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பதினைந்து வயது. என்னைவிட இரண்டு மடங்கு உயரம். சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம்.

மேடம் காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "கொஞ்ச நாள் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒத்துவரலன்னா தயங்காம சொல்லிடுங்க. திரும்ப விடுதிலயே சேத்துடலாம்" என்றார். எங்களைப் பார்த்துத்தான் சொன்னார். அக்கா அதைக் கேட்டபடி தன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதிப் பிள்ளைகளிடம் இருக்குமே, மூடி போட்ட பச்சை வாளி, மேலே பெயிண்டில் பெயர் எழுதியது. துணி, சோப்பு, சீப்பு, புத்தகம் எல்லாம் அதற்குள்தான். அம்மா பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து பேப்பர் விரித்துக் கொடுத்தாள். அக்கா "சரிங்க ஆன்ட்டி" என்றாள். ஆனால் குளித்து முடித்ததும் சோப்பைத் துடைத்து வாளிக்குள்ளேயே போட்டு மூடுவாள். பீரோத் தட்டில் பேப்பர் மட்டும் கிடந்தது.

ஜெபத்துக்கு வந்து உட்காருவாள். அவள் முறை வரும்போது வெறுமனே "ஆமென்" என்பாள். அவ்வளவுதான். அம்மாவும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஆண்டவரிடம் மட்டும் சொன்னாள்: "அது மனசு கல்லாப் போயிருக்கு, நீங்களே தொடுங்கப்பா." அக்கா கண்ணைத் திறந்துகொண்டு அம்மாவையே பார்த்திருந்தாள். நானும் திறந்துதான் வைத்திருந்தேன், அதனால் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக் கூட்டம் நடக்கும். பிளாக்கில் உள்ள ஆன்ட்டிகள் வருவார்கள், மந்தாரக்குப்பத்திலிருந்தும் இரண்டு பேர் வருவார்கள். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். அக்கா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தேன். அம்மா அழுதுகொண்டே அக்காவின் கதையை முழுவதும் சொன்னாள். அவள் அம்மா செத்துப்போனது, அவள் அப்பா அவளைப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்து, "சோடா வாங்கியாறேன்" என்று போனது, இருட்டும் வரை அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது, அப்புறம் ஒவ்வொரு சொந்தக்காரர் வீடாகத் தள்ளிவிடப்பட்டது. ஆன்ட்டிகள் மூக்கைச் சிந்திக்கொண்டு நீண்ட நேரம் ஜெபித்தார்கள். அம்மா மனசு லேசாகி எல்லோருக்கும் டீ போட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. என்னையும் அக்காவையும் அம்மா மந்தாரக்குப்பத்துக் கடைக்கு உளுந்து வாங்க அனுப்பினாள். கடைக்கார அம்மா நேற்று கூட்டத்துக்கு வந்தவர். அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் குழைந்துவிட்டது. உள்ளே போய் ஒரு பன்னீர் சோடாவை உடைத்து அவள் கையில் வைத்தார்.

"குடி கண்ணு. காசெல்லாம் வேணாம்."

"எதுக்குங்க?"

"நீ பட்ட பாடு எனக்குத் தெரியும்மா. உங்க ஆன்ட்டி நேத்து சொல்லிச் சொல்லி அழுதாங்க. ஒரு சோடாவுக்காவ அன்னிக்கு அப்படிக் காத்துகினு கெடந்தியே."

அக்கா பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டு உளுந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளுமோ என்று பயம். ஆனாலும் குடித்தேன். வாசனையாக, நன்றாக இருந்தது. அக்கா ஏன் அவ்வளவு வேகமாக நடக்கிறாள் என்று மட்டும் புரியவில்லை.

அன்று அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்கால ஜெபத்தில் அம்மா வழக்கம்போல ஆண்டவரிடம் முறையிட்டாள். "ஒரு வாய் சோறு திங்காம மூஞ்சத் தூக்கி வச்சிருக்கு. என்ன கோவம்னு தெரியல. நீங்களே பேசிப் பாருங்கப்பா. ஆமென்."

அடுத்தது அக்காவின் முறை. ஆமென் வரும் என்று நான் எழுந்திருக்கத் தயாரானேன்.

"சாமி," என்றாள் அக்கா. அம்மாவின் தோள் லேசாக அதிர்ந்தது. "எனக்கு இப்பிடிப் பேசத் தெரியாது. இவுங்களப் பாத்துகினு இருந்துதான் கத்துகினேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"எதிர் வூட்டு ஆன்ட்டி கருவேப்பில கேட்டா, இவுங்க செடி பட்டுப்போச்சுன்னு சொல்றாங்க. பின்னால காடு கணக்கா நிக்குது சாமி. இவுங்க பண்ருட்டி அண்ணன் குடுத்த முந்திரி தீந்துபோச்சுன்னாங்க. அரிசி டப்பாவுக்குள்ள கைய வுட்டா கெடைக்கும்."

நான் இரண்டு கண்ணையும் திறந்துவிட்டேன். அப்பா மூடித்தான் இருந்தார், ஆனால் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். அம்மாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆமென் இன்னும் வரவில்லையே.

"நாலு மணிக்கு எழுந்து ஜெபம் பண்றேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருக்காங்க. நாலு மணிக்கு அலாரம் அடிக்கறது நெசந்தான். அத நிறுத்தறது நானு."

அப்பாவிடமிருந்து இருமல் போல ஒன்று வந்தது. அக்காவின் குரல் அதற்குப் பிறகு தணிந்துவிட்டது.

"இன்னொன்னு. அங்கிள் ஷிஃப்ட்டுக்குப் போனப்பறம் இவுங்க சில நாளு காலி மிக்சியப் போட்டுகினு அழுவுறாங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல. எதிர் வூட்ல சொல்லல, எங்க கிளாஸ்ல சொல்லல, கடையில சொல்லல. அது அவுங்களோடது. சோடா என்னோடது. ஆமென்."

பழக்க தோஷத்தில் அப்பா மட்டும் சத்தமாக "ஆமென்" என்றார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். மிக்சி ஓடும் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. தோசைக்கல் வைக்கிற சத்தம்தான் கேட்டது. அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போய், செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன்.

"மேடம் இப்பவே வந்துடுவாங்களாக்கா?"

"மேடம் எதுக்கு? எனக்குப் பஸ்ஸுல போவத் தெரியாதா?"

அந்தக் கடலூர் பஸ்ஸுக்கு டயர் வெடிக்க வேண்டும் என்று மனசுக்குள் ஜெபித்தேன். உடனே உள்ளே இருக்கிறவர்களுக்கு அடிபடுமே என்று கவலை வந்தது. ஆள் இல்லாத பஸ்ஸாகப் பார்த்து வெடிக்கட்டும் என்று திருத்திக் கேட்டேன்.

அம்மா கையில் தோசைக் கரண்டியோடு வந்தாள். எங்களுக்குப் பின்னால், நிலைப்படிக்கு உள்ளே அப்படியே முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே, கருவேப்பில பொய்தான். முந்திரியும் இருக்கு. நாலு மணி சமாச்சாரம்... அது ஆசைல சொல்லிட்டேன். நாளைக்காவது எழுந்துடுவேன்னு தெனம் நெனக்கிறேன்."

அக்கா திரும்பவில்லை. எதிர் வரிசைப் பலா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளையோட கஷ்டத்த எடுத்து நான் நாலு பேர் கையில குடுத்துட்டேன். ஜெபம்னு நெனச்சேன். ஜெபம் இல்ல அது. அது வாயத் தொறந்து எங்கிட்டகூட இன்னும் சொல்லல, மேடம் குடுத்த பேப்பர்ல படிச்சதத்தான் நான் சொன்னேன். தப்புதான். மன்னிக்குமான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்கப்பா."

அம்மா ஆமென் சொல்லவில்லை. கண்ணை மூடியபடி அப்படியே இருந்தாள். சட்டப்படி யாரும் பேச முடியாது. தெருவில் ஷிஃப்ட் பஸ் ஒன்று போனது.

கடைசியில் அக்கா, பலா மரத்தைப் பார்த்தவாறே சொன்னாள்: "சாமி, கேட்டுகினுதான் இருக்கேன்னு சொல்லுங்க. ஒடனே எல்லாம் முடியாது. பாக்கலாம்னு சொல்லுங்க."

"சரின்னு சொல்லுங்கப்பா," என்றாள் அம்மா.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. பொதுவாக அவர் வாய்விட்டு ஜெபிக்கிறவர் இல்லை. "ஆண்டவரே, தோச கருகுது."

"ஆமென்," என்று அம்மா எழுந்து ஓடினாள். அக்கா சிரித்துவிட்டாள். அவளுக்கு முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கருகின தோசையைத் தள்ளி வைத்துவிட்டு ஐந்து தின்றாள்.

மறுநாள் அம்மா கருவேப்பிலையை ஒரு கட்டு ஒடித்து, அக்காவிடமே எதிர் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாள். நானும் கூடப் போனேன்.

"செடி பட்டுப்போச்சுன்னாங்களே?" என்றார் எதிர் வீட்டு ஆன்ட்டி.

"உசுரு வந்துடுச்சுங்க ஆன்ட்டி," என்றாள் அக்கா, முகத்தை மாற்றாமல்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஒருவர், "அந்தப் பொண்ணு விஷயம் எப்படி இருக்கு? அதுக்காகத்தான் தெனமும் பாரப்பட்டு ஜெபிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். "அவ நல்லா இருக்கா," என்று அம்மா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். "உங்க வீட்டுக் கொழாய் ஒழுகுதுன்னீங்களே, அதுக்கு ஜெபிப்போம்." அலாரத்தை ஐந்தரைக்கு மாற்றி வைத்தாள். முந்திரி பாயசமானது.

அம்மா எதற்காக அழுதாள் என்பதை எப்போதோ அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது கடலூரில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் அக்கா விடுமுறைக்கு வரும்போது கேட்டால், "அவுங்களோடது" என்கிறாள். என்னிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு சாயங்கால ஜெபத்தில் ஒரு மாற்றம் வந்தது. துண்டு, கணக்கு மார்க், பக்கத்து வீட்டு நாய் என்று சத்தமாகவே போய்க்கொண்டிருக்கும் அம்மாவின் ஜெபம், "பெரியவளுக்காக" என்ற இடத்தில் நின்றுவிடும். உதடு மட்டும் அசையும். அக்கா இப்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் கிலி பிடித்தது. அம்மாவுக்கு வார்த்தை மறந்து போகிறதா? இல்லை, நமக்குத் தெரியாமல் திருப்பி அனுப்ப ஏற்பாடா? என் முறை வந்தபோது, அம்மா விட்டதை நானே ஈடுகட்டினேன். "ஆண்டவரே, பெரியவளுக்குன்னு அம்மா ஏதோ கேட்டாங்க, அது உங்களுக்குச் சரியாக் கேக்கலன்னா இன்னொரு தடவ கேட்டுக்குங்க." ஆமென் சொல்வதற்கு முன்பே மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். ஆண்டவரைக்கூடக் கூப்பிடாமல் எங்கள் வீட்டில் சட்டம் மீறப்பட்டது அந்த ஒரு நாள்தான். அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் குளிக்கப் போனவள், பாத்ரூமில் பச்சை வாளி இருப்பதைப் பார்த்தேன். மூடி ஒரு பக்கம் கிடந்தது. உள்ளே துணி, சோப்பு, சீப்பு ஒன்றும் இல்லை. குழாய்க்கு அடியில் வைத்து யாரோ தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், நிரம்பிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏற்கெனவே இருந்த இரண்டோடு இதுவும் சேர்ந்துவிட்டது. இப்படி மூன்று வாளி தண்ணீர் பிடித்தால் டேங்க் சீக்கிரமே காலியாகிவிடுமே என்று அன்று முழுக்க எனக்கு ஒரே கவலை.