மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி

என் வீட்டில் அழுக்கு இருக்கக் கூடாது. இருபது வருடமாகக் கொச்சியில் இதே மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் வேலை எனக்கு. ஓடை வாரி, தெரு கூட்டி, பஜாரில் லாரிகள் போன பிறகு கிடக்கும் அழுகலை அள்ளி, வீட்டுக்கு வந்ததும் முதலில் என்னைக் கழுவுவேன், பிறகு வீட்டைக் கழுவுவேன். பிளீச்சிங் பவுடர் வாசனை இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதைப் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் பஜாரில் அரிசி மூட்டை சுமந்தவர். பண்டகசாலைப் படியில் மூட்டையோடு விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, எட்டு மாதம் கட்டிலோடு கிடந்தார். இனி எழுந்து நடக்கலாம், படுத்தே கிடந்தால் கால் சூம்பிவிடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. இவர் எழவில்லை. பயம். அந்தப் பயத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் மண்டிவிட்டது. உடம்பு துடைக்கும்போது வேண்டுமென்றே அழுத்தித் தேய்த்திருக்கிறேன். முனகுவார். முனகட்டும் என்று இருந்திருக்கிறேன்.

ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவருக்கு ஓர் ஆசை வந்தது. மீன் வளர்க்க வேண்டுமாம்.

"வாங்கித் தரேன். ஆனா கட்டில் பக்கத்துல வைக்க மாட்டேன். எதுத்த சுவர் ஓரமா வைப்பேன். எழுந்து போயி நீங்களே தீனி போடணும். சம்மதமா?" என்றேன்.

எதிர்ச்சுவரை ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, "சரிடீ" என்றார். கட்டிலிலிருந்து எதிர்ச்சுவருக்கு நாலு அடி.

எர்ணாகுளம் பிராட்வே சந்துக் கடை ஒன்றில் தொட்டி வாங்கினேன். கடைக்கார சேட்டன் தொட்டியைக் கொடுத்தார், மீனைக் கொடுக்கவில்லை. ஒரு மாதம் மீன் இல்லாமலே தண்ணீர் ஓட வேண்டுமாம். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அதை அழுக விட வேண்டுமாம். தண்ணீர் கலங்கும், கை வைக்கக் கூடாது, தானாகத் தெளியும். ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேறும், அவைதான் பிறகு மீனின் கழிவைத் தின்று மீனைக் காப்பாற்றும் என்றார். இருபது வருடம் கிருமியைக் கொன்று சம்பளம் வாங்கியவளிடம் போய் இதைச் சொல்கிறாரே என்று நினைத்தேன்.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தது. மறுநாள் காலையிலேயே எழுந்தார். கட்டில் கம்பியைப் பிடித்தார், நாற்காலி முதுகைப் பிடித்தார், நாலு அடி வைத்தார். மீன் இல்லாத தொட்டிக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டார்.

"பேய்க்கு சோறு வைக்கறீங்களோ?" என்று கேட்டேன்.

அவர் தினமும் தொட்டிக்குப் போனார். காலையில் ஒரு நடை, சாயங்காலம் சாயா குடித்த பிறகு ஒரு நடை. இரண்டாம் வாரம் நாற்காலியைப் பிடிக்காமல் போனார். தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி ஆகியிருந்தது. அதன் மேல் முகத்தை வைத்துக்கொண்டு, "வருதுடீ, சரியா வருது" என்பார். எட்டு மாதத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. சந்தோஷப்பட்டேன்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் நான் எட்டு மாதம் மூத்திரம் அள்ளிக் கொட்டியும் வராத குரல் இந்த அழுகின தண்ணீருக்கு வருகிறதே என்று வயிறும் எரிந்தது.

மூன்றாம் வாரம், அவரை ஆஸ்பத்திரியில் காட்டிவரப் பள்ளுருத்தியிலிருந்து அவருடைய அக்கா ஆட்டோவில் வந்தாள். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். என் நாத்தனார் உள்ளே எட்டிப் பார்த்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஊரு சாக்கடையெல்லாம் இவ வாருவா. வீட்டு சாக்கடைய கண்ணாடிப் பெட்டியில அடைச்சு காட்சிக்கு வச்சிருக்கா."

பெண்கள் சிரித்தார்கள். "அக்கா, அது அப்படித்தான் கிடக்கணும்" என்று இவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது. விழுந்தும், ஆட்டோ முனை திரும்பியதும் நான் வாளியை எடுத்தேன்.

தண்ணீரை முழுக்க இறைத்துக் கொட்டினேன். கூழாங்கல்லை பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். ஃபில்டரைத் திறந்தால் பஞ்சு பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் வந்த ஆங்காரத்தில் பவுடரைப் போட்டுக் கசக்கு கசக்கென்று கசக்கிப் பிழிந்தேன், வெள்ளை வெளேரென்று ஆகும்வரை. எல்லாவற்றையும் அலசி, புதுத் தண்ணீர் பிடித்து, தொட்டியை ஓடவிட்டேன். திட்டினால் என்ன திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

அவர் வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கம்பைக்கூட ஊன்றாமல் நேராகத் தொட்டிக்குப் போனார்.

"தெளிஞ்சிருச்சாடீ?"

அந்த முகத்தைப் பார்த்தேன். யோசித்து வைத்திருந்த சண்டை வாயில் வரவில்லை.

"ஆமா. நீங்க போனப்புறம் பார்த்தேன். தானா தெளிஞ்சிருக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே படகேறி எர்ணாகுளம் வந்தார், மீன் வாங்க. கூட நானும் போனேன். படகில் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரிடம், "மூணு வாரம் கலங்கிக் கிடந்த வெள்ளமாக்கும். நான் தொடவே இல்ல. தானா தெளிஞ்சிட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஆள் பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தார். பஞ்சைக் கழுவிவிடவில்லையே என்று கடையில் சேட்டன் கேட்டார், "ஸ்பஞ்சு கழுகியில்லல்லோ?"

"இல்ல சேட்டா, ஆரும் தொடவே இல்ல" என்றார் இவர்.

நான் பக்கத்தில் நின்று தீனி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். ஐந்து தங்க மீன்கள் வாங்கினோம்.

மூன்றாம் நாள் அவை தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்து பிளந்து மூடின. நான்காம் நாள் இரண்டு மிதந்தன. ஐந்தாம் நாள் காலையில் ஒன்றும் மிச்சமில்லை. அவர் தொட்டி முன்னால் நின்று, தீனி அதிகம் போட்டேனோ, அஞ்சு மீனு கூடிப்போச்சோ என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. சகிக்காதவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"உங்க கைராசி அப்படி. நீங்க தொட்டது எதுதான் விளங்கியிருக்கு?"

செத்த மீன்களைச் சாயா வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு ஃபில்டரைக் கழற்றித் திறந்தார். பஞ்சை வெளியே எடுத்தார். ஒரு மாதமாக ஓடிய பஞ்சு கடையிலிருந்து வந்த நாள் மாதிரி வெள்ளையாக இருந்தது. மூக்கின் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். என் கையிலும் சேலையிலும் எப்போதும் இருக்கும் வாசனை அவருக்குத் தெரியாதா என்ன.

பஞ்சை என் கையில் வைத்தார்.

"நல்லா கழுவிருக்கே" என்றார்.

நாலு அடி நடந்து போய்ப் படுத்தார். அதற்குப் பிறகு எழவில்லை. டாக்டர் சொல்லியும் எழவில்லை, அக்கா அழுதும் எழவில்லை. வலது கால் இடது காலைவிட மெலிந்துவிட்டது. துடைக்கும்போது இப்போது நான் அழுத்துவதில்லை. அவரும் முனகுவதில்லை.

தொட்டியில் மறுபடி தண்ணீர் விட்டிருக்கிறேன். காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை தீனி நான்தான் போடுகிறேன். கலங்கி, நாற்றம்கூட வர ஆரம்பித்துவிட்டது. நேற்று, "வெள்ளம் கலங்கிருச்சு, வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், "கழுவிடு" என்றார்.