ஈர நோட்டுக்கு எழுதாத ரசீது

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதம் நடந்தது இது. திருநெல்வேலி டவுணில், ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் கண் மருத்துவமனை. சின்ன இடம்தான். ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு கவுண்டர். அந்தக் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து பணம் வாங்கிப் போடுகிறவள் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேலையில் கெட்டிக்காரி. யார் என்றைக்கு எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை நோட்டைத் திறக்காமலே சொல்லுவேன். சாயங்காலம் கல்லாவை எண்ணினால் நோட்டில் இருக்கிற தொகையும் பெட்டியில் இருக்கிற தொகையும் ஒரு ரூபாய் பிசகாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் டாக்டர் நல்ல மனிதர். ரசீதைக் கம்ப்யூட்டரில் போட ஒரு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மத்த ஆஸ்பத்திரியில எல்லாம் பணம் கட்டுன உடனே நோயாளி போனுக்கு மெசேஜ் போவுது. நாமளும் மாறிருவோமா?"

"கரண்டு போச்சுன்னா உங்க கம்ப்யூட்டர் படுத்துரும் சார். நான் படுக்க மாட்டேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வாங்கிய கம்ப்யூட்டர் உறை கூடக் கழற்றாமல் மேஜை ஓரத்தில் இருந்தது. போனில் ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டுகிற அட்டையை நானே டிராயருக்குள் கவிழ்த்து வைத்திருந்தேன். அதெல்லாம் வந்தால் என் நோட்டுக்கு மரியாதை போய்விடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம். அதை அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

எங்களிடம் உவரி பக்கத்திலிருந்து நிறையப் பேர் வருவார்கள். கடல்மேல் வெயிலும் உப்புக் காற்றும் பட்டுப் பட்டுக் கண்ணில் புரை விழுந்தவர்கள். ஆபரேஷன் புதன்கிழமைதான். முன்பணம் ஏழாயிரம் வந்த பிறகுதான் அவரவர் கண் அளவுக்கு லென்ஸ் வரவழைப்போம். அதற்காக ஒரு தடவை பஸ் ஏறி வர முடியாதவர்கள், டவுணுக்கு மீன் கொண்டுவரும் ஒரு வேன்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. பணம் மட்டுமில்லை, கண் சொட்டு மருந்து வாங்கிப் போவது, கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டுவது எல்லாம் அவர்தான். கூலி என்று ஒரு பைசா வாங்க மாட்டார்.

ஒரே தொல்லை என்னவென்றால், அவர் கொண்டுவரும் நோட்டுகள் ஐஸ் தண்ணீரில் நனைந்து, மீன் வாடையோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். அதைக் கல்லாவில் போட்டால் மற்ற நோட்டும் நாறும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். பின்னறையில் இன்வெர்ட்டர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். ஈர நோட்டுகளை அன்றைய செய்தித்தாளில் மடித்து அதன்மேல் வைத்துவிடுவேன். காய்ந்த பிறகு எண்ணி, கல்லாவில் போட்டு, அப்போதுதான் நோட்டில் எழுதி ரசீது கிழிப்பேன். "ஈரம் காயட்டும், ரசீது பொறவு தாரேன்" என்பது நான் அவரிடம் வெள்ளிக்கிழமை தவறாமல் சொல்கிற வாசகம். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். எத்தனையோ வருடமாக அப்படித்தான் நடந்தது.

அந்தப் புதன்கிழமை உவரியிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். பெரியவருக்கு ஒரு கண் வாலிபத்திலேயே தூண்டில் முள் பட்டுப் போய்விட்டது. இருக்கிற ஒரு கண்ணிலும் புரை. மூன்று நாளாகச் சொட்டு மருந்து விட்டு, தலைக்குக் குளித்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

நோட்டைப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. பெயர் இல்லையென்றால் பணம் வரவில்லை. பணம் வராததால் லென்ஸும் வரவழைக்கவில்லை.

"வெள்ளிக்கெழமையே குடுத்து விட்டேனே. மீன் வண்டிக்காரத் தம்பி கையில தந்தேன்" என்றார் அந்த அம்மா.

"இங்க வரலம்மா."

அந்த அம்மா வேன்காரருக்குப் போன் போட்டார். இருபது நிமிடத்தில் வேன்காரர் மார்க்கெட்டிலிருந்து ஓடி வந்தார். சட்டையெல்லாம் செதில் ஒட்டியிருந்தது.

"உங்க கையிலதான தந்தேன் அக்கா. ஈரமா இருக்கு, ரசீது பொறவு தாரேன்னு சொன்னிய."

"அது நான் எப்பவும் சொல்லுததுதான். பொறவு ரசீது வாங்கினியளா?"

"இல்ல. சனிக்கெழமையில இருந்து எனக்குக் காய்ச்சல். வண்டி எடுக்கல. இன்னைக்குத்தான் வந்தேன்."

"அப்பம் பணம் வரல. என் நோட்டு பொய் சொல்லாது தம்பி. அன்னைக்குச் சாயங்காலம் கல்லாவும் நோட்டும் அப்படியே ஒத்திருக்கு. வழியில என்ன ஆச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

பெஞ்சுகளில் இருபது பேர் காத்திருந்தார்கள். அதில் பாதி உவரிக்காரர்கள். நான் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. இப்படி நாலு பேர் முன்னால் கேட்டால்தான் உண்மை வெளியே வரும் என்று நினைத்தேன்.

அவர் கத்தவில்லை.  இடுப்பிலிருந்து அன்றைய மீன் விற்ற பணத்தை எடுத்து ஏழாயிரம் எண்ணி வைத்தார். "பெரியவருக்கு லென்ஸுக்குச் சொல்லுங்க. அவரு ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு நிக்காரு" என்றார். அன்றைக்கு நோட்டுகள் காய்ந்துதான் இருந்தன. உடனே ரசீது எழுதிக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு பெஞ்சில் ஒருவர், "எடுக்காதவன் எதுக்குத் துட்டக் கட்டுதான்?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அடுத்த புதன்கிழமை பெரியவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்வை பரிசோதனைக்கு வந்தபோது அந்த அம்மா சொன்னார், இப்போது ஊரில் யாரும் அந்த வேன்காரரிடம் பணமோ பொருளோ கொடுத்துவிடுவதில்லையாம். மீன் ஏற்றுவதற்குக்கூட இரண்டு பேர் வேறு வண்டிக்கு மாறிவிட்டார்களாம். நானும் "நல்லதுதான், சூதானமா இருந்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பினேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் வாயைக் கழுவ வேண்டும் என்று தோன்றும்.

ஆனி மாதக் கடைசியில் இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற மெக்கானிக் வந்தார். இன்வெர்ட்டரை முன்னால் இழுத்தார். பின்பக்கம் சுவர் இடுக்கிலிருந்து ஒரு செய்தித்தாள் மடிப்பு விழுந்தது.

"யக்கா, இதுக்குள்ள துட்டு இருக்கு."

பிரிக்கும் முன்பே மீன் வாடை வந்துவிட்டது. பதினாலு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், காய்ந்து மொடமொடவென்று இருந்தன. செய்தித்தாளில் தேதி பார்த்தேன். அதே வெள்ளிக்கிழமை.

அப்போதுதான் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பணத்தை இன்வெர்ட்டர்மேல் வைத்துவிட்டுத் திரும்பும்போது, கண்ணில் சுண்ணாம்பு தெறித்து அலறிய ஒரு வெள்ளையடிக்கிற ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நர்ஸோடு சேர்ந்து நானும் அவர் இமையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தண்ணீர் விட்டேன். அந்தக் களேபரத்தில் மடிப்பு நழுவிப் பின்னால் விழுந்திருக்கிறது, நானும் மறந்துவிட்டேன். சாயங்காலம் கணக்கு ஒத்துப்போனது. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? பணம் பெட்டியிலும் இல்லை, எழுத்து நோட்டிலும் இல்லை. இரண்டு பக்கமும் இல்லாத ஒன்று எப்படிக் கணக்கில் உதைக்கும்? நான் எதை வைத்து அந்த மனிதரைக் கள்ளனாக்கினேனோ, அதுவே என் பிழையை மூடி வைத்திருந்தது.

அந்த மடிப்போடு நாற்காலியில் உட்கார்ந்தேன். மெக்கானிக்குக்கு இது என்ன பணம் என்று தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது. அப்படியே மூடி மறைத்துவிடலாம் என்ற நினைப்பும் ஐந்து நிமிடம் வந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு எழுந்துபோய் டாக்டரிடம் சொன்னேன்.

"போன் பண்ணிச் சொல்லி, பணத்தக் குடுத்துருவோம்" என்றார்.

"போன்ல சொன்னா அவரு காதோட போயிரும் சார். நான் பேசுனது ஊருக்கே கேட்டிருக்கு. நான் போகுதேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே திசையன்விளை போய், அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்து உவரியில் இறங்கினேன். சர்ச்சில் பூசை முடிந்து ஆட்கள் டீக்கடை முன்னால் நின்றிருந்தார்கள். பக்கத்தில்தான் அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பழைய நோயாளிகள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "கண்ணாஸ்பத்திரி அக்கா வந்துருக்காவ" என்று கூடிவிட்டார்கள். அந்தப் பெரியவரும் அவர் மனைவியும்கூட வந்தார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

கவுண்டரில் பேசிய அதே குரலில் பேசினேன். "இவரு அன்னைக்குப் பணம் தந்தாரு. நான்தான் வாங்கி வச்சிட்டு மறந்தேன். இன்வெர்ட்டருக்குப் பின்னால கெடந்துச்சு. இவரு மேல ஒரு குத்தமும் கெடையாது. தப்பு முழுசும் என்னுது" என்று சொல்லி, நோட்டுகளை அந்தச் செய்தித்தாளோடு அவரிடம் நீட்டினேன்.

பெரியவரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நானும் நம்பிட்டேனே தம்பி" என்று அழுதார். 

வேன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் பதினாலு நோட்டையும் எண்ணினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்லுவார் என்றும் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. இரண்டும் நடக்கவில்லை.

"ரசீது தாங்கக்கா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு நான் தந்ததுக்கு. ஆறு வாரமா என்னட்ட இல்லாதது அந்த ஒரு துண்டுக் காகிதம்தான்."

"ரசீதுப் புத்தகம் கொண்டு வரல தம்பி. நாளைக்குக் குடுத்து விடுதேன்."

"இப்பமே தாங்க. அன்னைக்கும் பொறவு தாரேன்னுதான் சொன்னிய."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் என் அத்தனை வருடக் கெட்டிக்காரத்தனமும் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. டீக்கடைக்காரரிடம் ஒரு தாள் வாங்கினேன். வேனின் முன்பக்கத்தில் வைத்து எழுதினேன். 'வெள்ளிக்கிழமை இவர் கொண்டுவந்து தந்த ரூபாய் ஏழாயிரத்தை நான் பெற்றுக்கொண்டேன். ரசீது எழுதாமல் விட்டது என் பிழை.' தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். அவர் அதை வாங்கி, எழுத்துக் கூட்டி மற்றவர்களுக்குக் கேட்கும்படி வாசித்தார். அதன்பிறகுதான் எனக்கு டீ சொன்னார்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் உறையை நானே கழற்றினேன். டிராயரில் கவிழ்ந்து கிடந்த அட்டையை எடுத்துத் துடைத்துக் கவுண்டரில் நிறுத்தினேன். டாக்டர், கரண்டு போனால் என்ன செய்வாய் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு வாரம் தட்டுத் தடுமாறினேன், அப்புறம் பழகிவிட்டது. இப்போது பக்கத்து மருத்துவமனைக் கவுண்டர்ப் பெண்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் நோட்டே போதும் என்று சொன்னால், இந்தக் கதையை முழுசாகச் சொல்லுவேன்.

வேன்காரர் இப்போதும் வெள்ளிக்கிழமை வருகிறார். ஊர்க்காரர்கள் மறுபடியும் அவரிடம்தான் பணம் கொடுத்துவிடுகிறார்கள். என் கையெழுத்துத் தாளை அவரே லேமினேட் போட்டு ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். நோட்டுகள் இன்றும் ஈரமாகத்தான் வருகின்றன. அதை அவர் முன்னாலேயே பிரித்து எண்ணி, ரசீதைப் போட்டு, உவரியில் இருக்கும் நோயாளியின் போனுக்குச் செய்தி போன பிறகுதான் காயப்போடுகிறேன். அவர் அங்கேயே நின்று நோயாளிக்குப் போன் போட்டு, "மெசேஜ் வந்துட்டா? பாத்துச் சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். அவர் மறந்து கிளம்பினாலும் நான் விடுவதில்லை.

என் ஞாபகசக்தியைப் பற்றி எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. ஆனால் அதை நம்பி இன்னொருவர் மானத்தை ஒரு நிமிடம்கூடக் கையில் வைத்துக்கொள்வதில்லை.