தேதி வாரியாக அடுக்கிய கவிதைகள்

சித்தியின் ஐந்தாவது கவிதைத் தொகுப்பு சென்ற மாதம் வெளிவந்தது. அவளுடைய நூல்களுக்கு நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் முதல் தொகுப்புக்கு எதிரே, 'வரிசைப் பிழைக்கு நானே பொறுப்பு' என்று ஒரு குறிப்பு உண்டு.

அப்போது நான் நான்காம் வகுப்பு. விழிதியூரில் தாத்தா வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். சித்திக்குக் காரைக்காலில் எழுத்தர் வேலை. தினசரி காலண்டரில் முந்தைய நாள் தாளைக் கிழிக்கும் உரிமை என்னுடையது. கிழித்ததைச் சித்தி கைப்பையில் வைத்துக்கொள்வாள். மாலையில் அது பின்பக்கம் கவிதையோடு திரும்பும். ஆகவே, தாளின் தேதியோடு ஒரு நாள் கூட்டினால் கவிதை எழுதிய நாள் கிடைக்கும்.

கவிதைகளைப் பதிப்பாளரிடம் கொடுக்க வேண்டிய நாளன்று, சித்தி குளிக்கப் போன நேரத்தில் அந்தத் தாள்கட்டைப் புரட்டினேன். மாசிக்குப் பின் ஐப்பசி, அதன்பின் தை! பதறிப்போய்த் தேதி வாரியாக அடுக்கிக் கட்டி வைத்தேன். சித்தி பிரித்துப் பார்க்காமலே பஸ்ஸுக்கு ஓடினாள்.

பிழை திருத்துவதற்கான அச்சுத் தாள்கள் வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"நீதான் அடுக்குனியா?"

"ஆமா சித்தி. தேதியெல்லாம் தப்புத் தப்பா இருந்துச்சு."

சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

புத்தகம் வந்தபோது, மறுவாரம் சித்தியைப் பெண் பார்க்க யாரோ வருவதாக இருந்தது. அம்மா கூடத்தில் உரக்கப் படித்தாள். மழையில் ஒரே குடை. பஸ் நிலையத்தில் இரண்டு டீ. ஒரு கோபம். ஒரு சமாதானம். சட்டென்று நிறுத்தினாள்.

"ஏன்டி, ஒண்ணொண்ணா காட்டுனப்ப மழை, டீன்னுதான் நெனச்சேன். வரிசையாப் படிச்சா ஒரே ஆளுல்ல வர்றாரு?"

தாத்தா செய்தித்தாளை மடித்தார். "கொடை யாரோடது?"

சித்தி அம்மாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினாள்.

"கேக்குறேன்ல, எந்த ஊருக் கொடை?"

"திருமலைராயன்பட்டினம்பா."

தாத்தா இரண்டு நாள் செய்தித்தாளைப் பிரிக்கவே இல்லை. மூன்றாம் நாள் அந்த ஊருக்குப் போனார். திரும்பும்போது நல்ல கோடை மழை, தாத்தா நனையவில்லை. கையில் பழக்கமில்லாத பெரிய கறுப்புக் குடை. ஆவணியில் கல்யாணம்.

சித்தியின் ரகசியத்தை உடைத்துவிட்டேனே என்று வெகுகாலம் எனக்கு உறுத்தல். பட்டியலைச் சரிபார்ப்பதற்காக அந்த அச்சுத் தாள்களைப் போன வாரம்தான் கேட்டு வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ஒற்று, கால்புள்ளி எதையும் சித்தி விட்டுவைக்கவில்லை. ஆனால் ஒரு கவிதையைக்கூட இடம் மாற்றியிருக்கவில்லை.

குறிப்பை அடித்துவிட்டேன்.