தினம் ஒரு முட்டை

சகாயத்தின் கை பட்டால் பித்தளையும் பொன்னாகும் என்பார்கள் கிளப்பில். தொண்டாமுத்தூர் பக்கம், மலையடிவாரத்தில் இருந்த துப்பாக்கி சுடும் கிளப் அது. சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, துலக்கி, மறுபடி வெடிமருந்து நிரப்பும்படி ஆக்கிக் கொடுப்பது அவன் வேலை. நிரப்புகிறவர் செயலாளர் அரங்கசாமி. அதற்கான லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது.

வேலைக்குச் சேர்ந்த நாளில், "கூட்டையெல்லாம் டம்ளர்ல போடப்பா" என்று அரங்கசாமி சொல்ல, காபி டம்ளரைத் தேடிச் சமையல்கட்டுக்குப் போனவன் அவன். டம்ளர் என்பது ஒரு மிஷின் என்று பிறகுதான் தெரிந்தது. மக்காச்சோளக் கட்டையை உடைத்த குருணையை அதில் கொட்டி, கூடுகளையும் போட்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் வெளிப்பக்கம் மின்னும். ஆனால் அடியில் கேப் என்னும் வெடிப்பொட்டு உட்காரும் சின்னக் குழிக்குள் வெடித்த கரி இறுகிக் கிடக்கும். அது டம்ளருக்கு மசியாது.

சகாயத்துக்கு மசிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி எலுமிச்சை உப்பு, ஐந்து நிமிட ஊறல். அதற்கு மேல் மறந்துவிட்டால் பித்தளை செம்பாய்ச் சிவந்து கெட்டுப்போகும். பிறகு சீவிய தென்னை ஈர்க்கால் குழியைச் சுரண்டுவான். துளையில் சிக்கிய குருணையை வாயால் ஊதித் தள்ளுவான். இரண்டு தண்ணீர் அலசி, துண்டு விரித்து வெயிலில் பரப்புவான். கையுறை ஒரு டப்பா நிறைய இருந்தது. போட்டால் ஈர்க்கு வழுக்குகிறது என்று ஓரமாக வைத்துவிட்டான்.

"உன்ர பித்தளையப் பாத்துட்டு ஊட்டுக்குப் போனா, எங்கூட்டு அம்மணி தாலிக்கொடி மங்கலாத் தெரியுதப்பா" என்பார் அரங்கசாமி.

"அம்மணிகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அதையும் துலக்கச் சொல்லிக் குடுத்துடுவாங்க."

சிரித்து முடித்ததும் அவர் தவறாமல் ஒன்று சொல்வார். "வெளிய போயி தோட்டா கீட்டான்னு வாய விடாதப்பா. ஒண்ணு ஒம்பதாகும். கேட்டாப் பித்தளை துலக்கறேன்னு சொல்லு, போதும்."

சகாயம் சொன்ன சொல் மாறாதவன்.

அவனுக்கும் ஷைலாவுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம் தொட்டில் ஆடவில்லை. ஷைலா மாதாவுக்கு நேர்ந்து, முட்டிக்காலால் நடந்து, கண்ணீர் வற்றிப்போன பிறகு வந்தவள் கிருபா. இப்போது நான்கு வயது. வாய் ஓயாத குழந்தை. சாயங்காலம் அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டதும் கோழிக்கூண்டுக்கு ஓடி, "அப்பா, செவலை ஒண்ணு வெச்சிருக்கு, கருப்பி ஏமாத்திப்போட்டா!" என்று கணக்கு ஒப்பிப்பாள்.

ஆறு நாட்டுக்கோழிகள். அவள் ஒருத்திக்காகவே வளர்த்தார்கள். தினம் ஒரு முட்டை.

பத்துத் தடவை ஓடியதும் டம்ளர் குருணை கறுத்துப்போகும். "குழி தோண்டிப் புதைச்சுப்போடு" என்பார் அரங்கசாமி. ஏன் என்று சொன்னதில்லை. சகாயத்துக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காடுகழனி வேலை செய்த குடும்பம். மக்காச்சோளத்தைப் புதைப்பார்களா? கட்டையானாலும் சோளம் சோளம்தானே. பையில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அப்படியே போட்டுவிடவும் இல்லை. பித்தளையை அலசுவதுபோலவே இரண்டு தண்ணீர் அலசி, காயவைத்து, தவிட்டில் பிசைந்து வைத்தான். கோழிகள் ஆவலாய்த் தின்றன. ஒன்று கழுத்து தொங்கிச் செத்தபோது, கழிச்சல் நோய் என்று நினைத்தான்.

மழை முடிந்த மாதத்தில் கிருபாவுக்கு வயிற்றுவலி வந்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். வெளுத்துப்போனாள். பிறகு பேச்சு குறைந்தது. ஒருநாள் சைக்கிள் சத்தம் கேட்டும் அவள் ஓடிவரவில்லை. சுவரில் சாய்ந்து, யாரோ போல அவனைப் பார்த்தாள்.

டவுனில் ஓர் ஆஸ்பத்திரி. பிரீத்திகா என்ற இளம் டாக்டர், குழந்தையின் கண்ணிமையை விரித்துப் பார்த்தாள்.

"சோகை அதிகமா இருக்குங்கண்ணா. எனக்கு ஈயத்து மேல ஒரு சந்தேகம். நீங்க என்ன வேலைங்க?"

"பித்தளை துலக்கறேனுங்க."

"பாத்திரக் கடைங்களா? ஈயம் பூசறதும் உண்டுங்களா?"

"இல்லீங்க. துலக்கறது மட்டுந்தானுங்க."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தோட்டாக் குண்டின் உலோகத்தைக் கிளப்பில் 'லெட்' என்பார்கள். ஈயம் என்று அங்கே ஒருவரும் சொல்லி அவன் கேட்டதில்லை. அவனுக்குத் தெரிந்த ஈயம், அண்டாவுக்குள் வெள்ளையாய்ப் பூசுவது.

ஈயத்துக்கான இரத்தச் சோதனை என்று சீட்டில் எழுதியிருந்த வரியை டாக்டர் அடித்தாள். சத்து டானிக் எழுதினாள். "கீரை, முட்டையெல்லாம் நல்லாக் குடுங்க."

அன்றிலிருந்து தினம் இரண்டு முட்டை. ஷைலா மடியில் வைத்து, "ஒரு வாய்டா கண்ணு, அம்மாவுக்காக" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினாள்.

எட்டாம் நாள் மத்தியானம், ஊட்டிக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் கண்கள் மேலே செருகின. கை கால் வெட்டி இழுத்தது. வாயிலிருந்து மஞ்சள் கரு வழிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிரீத்திகா மறுபடி கேட்டாள். "அண்ணா, உங்க வேலையப் பத்தி இன்னொருக்காச் சொல்லுங்க."

"பித்தளை..." என்று சகாயம் ஆரம்பித்தான்.

ஷைலா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "இன்னும் என்னத்துக்குங்க மூடி மறைக்கறீங்க? எம்புள்ள சாகுதுங்க! டாக்டரம்மா, இவரு தோட்டாக் கூட்டத் துலக்கறாருங்க. துப்பாக்கித் தோட்டா!"

டாக்டரின் முகம் மாறியது. "குண்டு ஈயம். கேப்புலயும் ஈயம். அந்தக் கரி முழுக்க ஈயம்ங்கண்ணா." சகாயத்தின் நகக்கண்களைப் பார்த்தாள். "அங்கிருந்து ஊட்டுக்கு எதாச்சும் கொண்டு போவீங்களா?"

"ஒண்ணுமில்லீங்க. மிஷின்ல போடற சோளக் குருணை... கோழிக்குத்தான். கழுவித்தானுங்க போட்டேன்."

"முட்டைய யாரு சாப்பிடறாங்க?"

ஷைலாதான் சொன்னாள்.

"பாப்பா மட்டுந்தானுங்க. நாங்க தொடறதில்லீங்க."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது இன்னதென்று அவளுக்கே விளங்கியது. அந்தத் தாய் தன் வலக்கையை, ஊட்டிய கையை, விரித்துப் பார்த்துக்கொண்டே தரையில் சரிந்தாள்.

இரத்தத்தில் ஈயம் இருப்பது சோதனையில் உறுதியானது. ஈயத்தை இறக்கும் மருந்து பல வாரம் ஏறியது. அரங்கசாமி ஒருநாள் வந்து வார்டு வாசலில் நின்றார். "புதைக்கச் சொன்னேனேப்பா" என்றார். "எதுக்குன்னு சொல்லலீங்களே" என்றான் சகாயம். அவர் தலை கவிழ்ந்தபடி திரும்பிப் போனார். அதன் பிறகு சகாயம் கிளப் பக்கம் போகவில்லை.

கோழிகளைக் கொன்று ஆழமாய்ப் புதைத்தான். கூண்டுத் தரையின் மண்ணையும் வெட்டி எடுத்தான். எலுமிச்சை உப்பில் இரண்டு கைகளையும் முக்கி, ஐந்து நிமிடம் தாண்டியும் எடுக்காமல், தோல் வெடிக்கத் தேய்த்தான். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

கிருபா பிழைத்தாள். "போன பேச்சு எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாதுங்கண்ணா" என்று டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, குழந்தை தள்ளாடித் தள்ளாடி நடந்து காலிக் கூண்டின் முன் உட்கார்ந்தாள். சகாயம் ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டான்.

"கண்ணு, அப்பான்னு சொல்லு சாமி. ஒரே ஒருக்கா."

அவள் அவனைப் பார்க்கவில்லை. கூண்டுக்குள் கையை விட்டுத் துழாவினாள். பிறகு வெறுங்கையை அவன் முன் நீட்டினாள். உதடு கோணி, வெகுநேரம் முயன்று, மிச்சமிருந்த ஒரே வார்த்தையைச் சொன்னாள்.

"முட்ட."