ஐந்தாம் படுக்கையின் சிவப்பு அட்டை

இன்று எங்கள் வார்டில் ஒருவர் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். அதற்கு வார்டே கைதட்டியது.

நான்காம் படுக்கை முத்துராஜ், காலில் ஆபரேஷன் ஆனவர். ஊர் திருச்செந்தூர் பக்கம், வேலை ஒரகடம் கார் கம்பெனியில்.

"சிஸ்டர், எங்க லைன்ல கோளாறுன்னா சிவப்பு லைட் எரியும், ஆளு ஓடி வரும். இங்க தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கு."

நேற்று மருந்துப் பெட்டிகளை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டி, எல்லாப் படுக்கைக்கும் இரண்டு அட்டைகள் கொடுத்துவிட்டார். நர்ஸைக் கூப்பிடச் சிவப்பு. எல்லாம் சரி என்றால் பச்சை. எனக்குக் கடுப்புதான்.

ஐந்தாம் படுக்கை வாலாஜாபாத் விவசாயி. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. பசியா, வலியா என்று மனைவிதான் ஊகித்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை அவருடைய இடக்கை மெல்லச் சிவப்பு அட்டையை உயர்த்தியது. நான் ஓடினேன். கண்ணால் மேலே காட்டினார். மின்விசிறி!

"இன்னாய்யா, மூணு நாளா குளிர்லியா கெடந்த? காத்து பத்தலன்னு நான்தான் ஃபுல்லா வெச்சினு இருந்தேன்!" அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதார்.

விசிறி நின்றது. அவர் சிவப்பை வைத்துவிட்டுப் பச்சையைத் தூக்கினார்.

"பாத்தியளா சிஸ்டர்!" என்றார் முத்துராஜ். பார்த்தேன், ஐயா. ஒப்புக்கொள்கிறேன்.

மாலைக்குள் எல்லாப் படுக்கையிலும் சிவப்பு. ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார்.

பச்சை தூக்கியவர் இன்னும் அந்த ஒருவர்தான். உங்கள் வீட்டிலாவது, காபி கொடுத்த பிறகு யாராவது பச்சையைத் தூக்குகிறார்களா?